சுன்னாகத்தின் பெயர்ப் பலகை என்னிடம் இருக்கிறது

இஞ்சாருங்கோ,

இன்று உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள். உங்கள் முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு மீசாலைப் பிள்ளையார் கோயிலில் ஒரு மோட்ச அருச்சனை செய்விக்கப் போனேன். "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று ஐயர் கேட்டார். நட்சத்திரம் வந்தது, பெயர் வரவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சாருங்கோ" என்றே கூப்பிட்டுப் பழகிய நாக்கு, நீங்கள் போய் ஒரு வருடமான பிறகும் வளைய மாட்டேன் என்கிறது. ஐயர் தட்டோடு நிற்கிறார், பின்னால் சனம் நிற்கிறது. பக்கத்தில் நின்ற அயல்வீட்டுப் பரிமளமக்கா முழங்கையால் இடித்து, "சொல்லும் காணும், அந்த மனிசன் ஒண்டும் சொல்லாது" என்றார். சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே அழுதேன்.

ஓம், மீசாலைதான். நாங்கள் இப்போது சுன்னாகத்தில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். அதை முதலில் சொன்னால் மற்றதைச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. முதலில் நல்ல செய்தி. உங்கள் ஸ்ரேசனுக்குப் பெயர்ப் பலகை எழுதி முடித்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதையையும் இடையிடையே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோளுக்குப் பின்னால் எட்டி நின்று இதை வாசிப்பவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாதே. யாழ்ப்பாணம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த மனிதர். காலையில் சுன்னாகத்தில் ரெயின் ஏறிப் போய், பின்னேரம் ரெயினிலேயே திரும்பி வருவார். தொண்ணூறில் சண்டையோடு ரெயின் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகப் போயின. ஸ்ரேசனின் ஓடு போனது, கதவு போனது, யன்னல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் சாமான் அறையின் பழைய கதவைக் கழற்றி, இரண்டு மர வாங்குகளின் மேல் படுக்கவைத்து, "இதிலை சுன்னாகம் ஸ்ரேசனைக் கட்டப்போறன்" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "ஊரிலை சனம் மண்ணெண்ணெய்க்கு லைனிலை நிக்குது, இவருக்குக் கோச்சி வண்டி விளையாட்டு!" நீங்கள் சிரித்துக்கொண்டு கதவின் பூட்டுத் துளையை அடைத்தீர்கள். குடைக்கம்பி தண்டவாளமானது. பிஸ்கற் ரின் கூரையானது. தேயிலைப் பெட்டிப் பலகை சுவரானது. எரிந்த தீக்குச்சிகள் சிலிப்பர்க் கட்டைகளாயின. அந்தக் குச்சிகளை அக்கம்பக்கத்து அடுப்படிகளிலெல்லாம் பொறுக்கி வந்து தந்தது யார்? ஏசிய இதே ஆள்தான்.

பிறகு நூல்கயிறும் தடியும் கொண்டு, இடிந்து கிடந்த ஸ்ரேசனை அளக்கப் போனீர்கள். வந்தது வினை. "கச்சேரி ஐயா ஸ்ரேசனை அளக்கிறார், திரும்பக் கோச்சி விடப்போகினமாம்" என்ற கதை பொழுதுபடுவதற்குள் சந்தை முழுக்கப் போய்விட்டது. அடுத்த நாள் வெங்காயம் செய்கிற மனிதர் ஒருவர் படலையில் வந்து நின்றார். "கூட்ஸ் வண்டியும் வருமோ ஐயா? வெங்காயம் அழுகுது." நீங்கள் வெட்கத்தோடு அவரை உள்ளே கூட்டி வந்து, கதவின் மேல் கிடந்த ஸ்ரேசனைக் காட்டினீர்கள். அவர் ஏசவில்லை. தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் குனிந்து கனநேரம் பார்த்தார். "அப்ப இது எப்ப வெளிக்கிடும்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். நான் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன். அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

எந்த நாளின் ஸ்ரேசன் என்பதை நீங்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள். சுமதி போன காலை. எங்கள் ஒரே பிள்ளை எண்பத்தைந்தில் கொழும்புக்கு ரெயின் ஏறினாள், அங்கிருந்து லண்டனுக்குக் கலியாணம் கட்டப் போக. அந்தக் காலத்தில் ஒரு குமர்ப்பிள்ளையைத் தனிய ரெயினில் அனுப்ப யாருக்குத் துணிவு வரும்? அடுத்த வளவுப் பரிமளமக்காவின் மகன் ரவி வேலை தேடிக் கொழும்புக்கு வெளிக்கிட்டிருந்தான். அவனைத் துணையாக விட்டோம். சுமதியின் சூட்கேசையும் அவன்தான் தூக்கினான். அதற்குப் பிறகு அவளை நாங்கள் காணவில்லை. நீங்கள் காணாமலே போய்விட்டீர்கள்.

அந்தக் காலை எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று நின்றீர்கள். தண்ணீர்த் தொட்டி, மணி, மேடையோரத்து வேம்பு, எல்லாம் வந்தன. பூவரசங் குச்சியில் விரல்நுனி அளவுக்கு ஆட்களைச் செதுக்கினீர்கள். சுமதி, பக்கத்தில் சூட்கேசோடு வெள்ளைச் சேட் போட்ட ரவி, கொஞ்சம் தள்ளி நீங்கள், நான். என்னை மட்டும் குண்டாகச் செதுக்கிவிட்டு, "ஸ்கேலுக்குச் சரியாய்த்தான் இருக்கு" என்றீர்கள். அதற்கு உங்களோடு அன்று முழுக்கக் கதைக்காமல் இருந்தேன்.

எல்லாம் முடிந்து பெயர்ப் பலகையில் வந்து தடக்கியது. உண்மையான பலகை எப்போதோ காணாமல் போயிருந்தது. எந்தப் பங்கருக்குள் போனதோ! அது எப்படி இருந்தது என்று ஊரில் விசாரிக்கத் தொடங்கினீர்கள். தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் கரைச்சல். சலூன்காரர் மஞ்சள் பலகை என்றார். அரிசிக் கடைக்காரர் நீலம் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார். மூன்று பாஷையும் இருந்தது என்றார் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார். சிங்கள எழுத்துக்குத் தார் பூசியிருந்தது, கண்ணால் கண்டேன் என்றார் இன்னொரு வாத்தியார். "நீர் கண்டது மல்லாகம் ஸ்ரேசன் போட்டையடாப்பா" என்று முதல் வாத்தியார் பாய, இரண்டு பேரும் சந்தைக்குள் அடிபடப் பார்த்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தபடி நீங்கள் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. "இஞ்சாரும், தன்ரை ஊர்ப் போட்டை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. தெரியாத ஊர் ஸ்ரேசனிலைதான் தலையை வெளியிலை நீட்டி வாசிக்கிறது."

"நீங்கள் ஒருக்காலும் வாசிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒருக்கால் வாசிச்சனான். எண்பத்து மூண்டிலை."

குருநாகலில் வேலை செய்த நீங்கள், அந்த ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு தப்பி, அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, அங்கிருந்து சுன்னாகம் வந்த நாள். ஸ்ரேசனில் இறங்கிப் பலகைக்கு முன்னால் நின்று மூன்று பாஷையிலும் வாசித்தீர்களாம். வாசித்த பிறகுதான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று நம்பினீர்களாம். நிறம் நினைவில்லை. தார் அன்று இல்லை. அடுத்த இரண்டு வருடத்தில் யார் என்ன செய்தார்களோ?

"சுமதி போன அண்டைக்குப் பாக்கேல்லையோ?"

"அண்டைக்கு நான் போட்டையோ பாத்துக்கொண்டு நிண்டனான்?" என்றீர்கள்.

பிறகு படங்கள் தேடினீர்கள். வெளிநாடு போகிற பிள்ளையை வழியனுப்பும்போது எல்லாரும் ஸ்ரேசன் பலகையடியில் நின்றுதானே படம் எடுத்தோம். ஆனால் எத்தனை வீட்டில் அல்பம் மிஞ்சியிருந்தது? ஆமிக்காரர் வீடு வீடாய்த் தேடிய காலத்தில் பயத்தில் சனமே பாதியை எரித்துவிட்டது, மீதியை மண்ணுக்குள் தாட்டுவிட்டது. மிஞ்சிய படங்களில் சனம் பலகைக்கு நேர் முன்னால் நிற்கிறது. ஊரோடு சேர்ந்து நிற்க ஆசைப்பட்டு ஊரின் பெயரையே மறைத்துவிட்டார்கள்.

ஒரு படம் மட்டும் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுமதி போன அதே காலை, சவூதியிலிருந்து வந்து நின்ற பரிமளமக்காவின் தம்பி, கலர்க் கமராவில் எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்து எடுத்த படம். பரிமளமக்காவிடம் ஒரு பிரதி வந்தது. எங்களிடம் வரவில்லை. போய்க் கேளுங்கள் என்றேன். நீங்கள் தலையாட்டவே இல்லை.

"அந்த வீட்டிலை கேக்கப்படாது."

எனக்கும் விளங்கியது. கொழும்பில் வேலை சரிவராமல் ரவி அடுத்த வருடமே திரும்பி வந்துவிட்டான். எண்பத்தெட்டில் ஒரு பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் வரவில்லை. ஆமி பிடித்ததா, தானாக இயக்கத்துக்குப் போனானா, இருக்கிறானா, இல்லையா, ஒரு சொல்லும் வரவில்லை. பரிமளமக்கா தேடாத இடமில்லை. "பெத்த தாயிட்டைப் போய், உன்ரை பிள்ளை நிக்கிற படத்தைத் தா, பின்னாலை இருக்கிற போட்டைப் பாக்கவேணும் எண்டு கேக்கிறதோ?" என்றீர்கள். வெறும் பலகையை இரண்டு கம்பத்திலும் பூட்டி அப்படியே விட்டீர்கள்.

போன வருடம் கார்த்திகையில் ஒரு பின்னேரம், அந்த வெறும் பலகைக்கு முன்னால் கதிரையில் இருந்துகொண்டு, நெஞ்சு நோகுது என்றீர்கள். தேத்தண்ணி கேட்டீர்கள். தேத்தண்ணி வருமுன் போய்விட்டீர்கள். கொஞ்சம் பொறுத்திருக்கலாமே!

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கனநாளுக்குப் பிறகு சுமதியின் கடிதம் வந்தது. நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்து எழுதியது. "அப்பா, ஸ்ரேசன் முடிஞ்சுதோ? போட் எழுதியாச்சுதோ? நான் வந்து பார்க்கவேணும்" என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு யார் பதில் எழுதுவது? உங்கள் ஆட்டைக்கு முதல் அந்தப் பலகை எழுதப்பட வேண்டும் என்று அன்றுதான் பிடிவாதம் பிடித்தேன். உங்களுக்காக நான் செய்யக்கூடியது வேறு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் பரிமளமக்காவின் படலையைத் திறந்துகொண்டு போனேன். வழிநெடுகப் பாடமாக்கி வைத்த பேச்சு விறாந்தையில் ஏறியதும் மறந்துவிட்டது.

"கொஞ்சம் கருவேப்பிலை வேணும், அக்கா" என்றேன்.

"ஏன், உம்மடை வளவிலை நிக்கிறதை ஆடு திண்டிட்டுதோ?"

அவர் சுளகை ஒரு பக்கம் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மடை மனிசனும் உப்பிடித்தான். உந்தப் படலையடியிலை வந்து நிக்கும். சைக்கிள் செயின் கழண்ட மாதிரிக் குனிஞ்சு பாக்கும். பிறகு ஏறிப் போயிடும். ஒரு சைக்கிளுக்கு எத்தினை தரம் காணும் செயின் கழரும்?"

இதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே! கேட்கப்படாது என்று எனக்குச் சட்டம் பேசிவிட்டு, களவாகப் போய் நின்றிருக்கிறீர்கள். போயும் கேட்காமல் வந்திருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாற நேரம் எடுக்கவில்லை.

"அவருக்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியும்" என்றார் பரிமளமக்கா. "ஊர் முழுக்கப் படம் கேட்டுத் திரிஞ்ச மனிசன், படம் இருக்கிற வீட்டிலை மட்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தா ஏசிக் கலைச்சிருப்பன்."

"இப்ப?"

"இப்பவும் ஏசத்தான் நினைச்சனான்." அப்படிச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

படத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் இருக்கிறார், நான் இருக்கிறேன், நீங்கள் கண்ணை மூடியபடி இருக்கிறீர்கள். சுமதி ஒரு பக்கம் திரும்பி என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் யாருக்குச் சொல்கிறாளோ அந்த இடத்தில் ஓட்டை. ரவியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தது. பலகையின் தொடக்கத்தில் ஓர் எழுத்தும் முடிவில் ஓர் எழுத்தும் தெரிந்தன. நடுவில் இருந்ததெல்லாம் அவனோடு போய்விட்டது.

"ஆமிக்காரர் அல்பம் புரட்டித் திரிஞ்ச நேரம் வெட்டினது. பெடியன்ரை படம் கண்டா எங்கை அவன் எண்டு கேப்பாங்கள். எனக்கே தெரியாததுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல?" கையால் ஓட்டையின் ஓரத்தைத் தடவினார். "தலைமயிரிலை பட்டிடுமெண்டு மேலாலை அகட்டி வெட்டிப்போட்டன். அதுதான் உங்கடை போட்டும் வந்திட்டுது."

"பரவாயில்லை அக்கா. வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. இவ்வளவும் காணும்" என்றேன். உண்மையிலேயே போதும் என்று நினைத்துத்தான் எழும்பினேன். "இரும்" என்றார். சாமி அறைக்குள் போனார். பிள்ளையார் படத்தின் பின்பக்கத்து மட்டையை அவர் கழற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, கையளவு துண்டு ஒன்றை எனக்கு நீட்டினார். என் கண் அவனுடைய தோளுக்குப் பின்னால் போனது. அவர் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முதல் அவனைப் பாரும். பிறகு போட்டைப் பாரும்."

அவனைப் பார்த்தேன். மஞ்சள் சேட், படிய இழுத்த தலை, கையில் எங்கள் சூட்கேஸ். வாய் கொள்ளாத சிரிப்பு. பரிமளமக்கா நிலத்தில் குந்தியிருந்து, படத்தின் ஓட்டைக்குள் துண்டைப் பொருத்தினார். வெட்டிய பிறகு அன்றுதான் முதல்தரம் பொருத்துகிறாராம். காற்றுக்கு விலகாமல் இரண்டு விரலால் அமத்திப் பிடித்தார். சுமதி சொன்னதைக் கேட்டுத்தான் ரவி சிரித்திருக்கிறான். இத்தனை வருடமும் அவள் ஓட்டைக்குக் கதை சொல்லிக்கொண்டும், அவன் பிள்ளையாருக்குப் பின்னால் தனியே சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

"உங்கடை மேள் சுமதி என்ன சொன்னவள், தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியாதக்கா. கடிதத்திலை கேக்கிறன்."

அதற்குப் பிறகுதான் பலகையைப் பார்த்தேன். மூன்று வரி. மேல் வரியில் சிங்களம், அதற்குத் தார் பூசியிருந்தது. பூசியவர் அவசரத்தில் அள்ளிப் பூசியிருக்கிறார். தார் வழிந்து, எங்கள் தமிழ் எழுத்துக்கு மேலால் இரண்டு கோடாக இறங்கி, ஆங்கிலம் வரை போயிருந்தது. சந்தையில் அடிபடப் பார்த்த இரண்டு வாத்தியாருமே சரி. அந்த வழிந்த தாருக்குக் கீழே நின்றுதான் எங்கள் பிள்ளையை அனுப்பியிருக்கிறோம். யார் கண்டது?

படத்தை வெளியே தர மாட்டேன் என்றார் பரிமளமக்கா. அதனால் நான் உங்கள் சின்னப் பலகையைக் கழற்றிக்கொண்டு அவர் வீட்டு விறாந்தைக்குப் போய், பார்த்துப் பார்த்து எழுதினேன். பெயின்ற் எங்கே கிடைக்கும்? சுண்ணாம்பில் பிசின் கலந்து வெள்ளை. விளக்குக் கரி கறுப்பு. தார் மட்டும் அசல் தார், மத்தியான வெயிலில் றோட்டில் இளகியதை ஈர்க்கால் கிளறி எடுத்தது. நீங்கள் எப்போதோ காலண்டர்த் தாளில் எழுதி வைத்த சிங்கள எழுத்தைப் பார்த்து, முதலில் அந்த வரியை எழுதினேன். சுழி சுழியாக வருகிற எழுத்து, இரண்டு தரம் அழித்து எழுதினேன்.

"மூடப்போறதை ஏன் இவ்வளவு வடிவாய் எழுதுறீர்?" என்று பரிமளமக்கா கேட்டார்.

"அடியிலை எழுத்து இருந்தாத்தான் தார் சரியாய் நிக்கும் எண்டு சொல்லுவார்."

அவர் மடியில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் வரிக்குத் தார் பூசினேன். வழிந்த கோடு இரண்டையும் போடும் நேரம் வந்தபோது எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதிய சுன்னாகம்! "இதையும் போடத்தான் வேணுமோ, அக்கா?" என்றேன்.

"படத்திலை இருக்கிறதை விடுறதெண்டால் என்னத்துக்கு என்ரை பிள்ளையை வெளியிலை எடுத்தது?" என்றார், கோபமாகவே. போட்டேன்.

பலகையைப் பூட்டும் நாளில் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார். உங்கள் ஸ்ரேசனை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. கதவைச் சுற்றி நடந்து, குனிந்து மேடையைப் பார்த்தார்.

"உதிலை சூட்கேசோடை நிக்கிறது ஆர்?"

"ரவி, அக்கா. அவர் செய்தது."

இன்னும் கிட்டக் குனிந்தார். அழப்போகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். நிமிர்ந்து என்னை ஏசினார். "சேட் வெள்ளையில்லை. மஞ்சள். அந்த மனிசன் என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே!" விறுவிறென்று என் குசினிக்குள் போய் மஞ்சள் தூளை எடுத்து, பிசினில் குழைத்து, ஈர்க்கின் நுனியால் தொட்டுத் தொட்டு மகனுக்குச் சேட் போட்டார். அவர் வாய் என்னவோ முணுமுணுத்தபடி இருந்தது. சின்ன வயதில் அவனுக்கு உடுப்புப் போடும்போது சொல்வதாக இருக்கலாம். எனக்குக் கேட்கவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் பக்கத்தில் நின்று, "கவனம், கழுத்திலை படாமல்" என்று சொல்லியிருப்பீர்கள். அந்தப் பின்னேரம் நீங்கள் அங்கே இல்லாததை நினைத்து எனக்கு வந்த ஆத்திரம், உங்கள் செத்தவீட்டில்கூட வரவில்லை.

இனி மற்றதைச் சொல்லாமல் முடியாது. ஐப்பசி கடைசியில், எல்லாரும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சண்டை கிட்ட வந்துவிட்டது. எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க ஒரே நேரத்தில் ஒரே றோட்டில் இறங்கியது. மழை விடவில்லை. நான் அரிசி, இரண்டு சேலை, உங்கள் படம் எல்லாவற்றையும் பையில் அடைத்துவிட்டு ஸ்ரேசனுக்கு முன்னால் போய் நின்றேன். கதவை எப்படித் தூக்குவது? பலகையை மட்டும் கம்பத்திலிருந்து கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பரிமளமக்கா உள்ளே வந்து, "வாரும், வாரும்" என்று என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டார். நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் அகப்பட்டு ஓர் அடி வைக்க ஒரு யுகம் போனது. நானும் அவரும் ஒருவர் சேலைத் தலைப்பை ஒருவர் பிடித்தபடி வந்து சேர்ந்தோம்.

இங்கே ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டு இருக்கிறோம். கிட்டத்தான் ரெயின் பாதை. தண்டவாளம் இல்லை, சனம் நடந்து திரிகிறது. மீசாலை ஸ்ரேசனிலும் பலகை இல்லை. இரண்டு கம்பம் மட்டும் நிற்கிறது. அதில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறோம்.

வந்து நனைந்ததையெல்லாம் காயவிட்டபோது, பரிமளமக்கா தன் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே நீங்கள் செதுக்கிய ரவி. மஞ்சள் சேட் கொஞ்சம் கரைந்திருந்தது. அவனோடு சுமதியும் இருந்தாள்.

"அவனை மட்டும் எடுக்கத்தான் கையை வைச்சனான்" என்றார். "பிறகு யோசிச்சன். துணைக்கெண்டு அனுப்பினனாங்கள். அவனைத் தனிய எடுத்தா, அந்தப் பிள்ளை நடு மேடையிலை ஆரோடை கதைக்கிறது?"

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "மற்ற ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

"அவை பெரிய ஆக்கள். நிப்பினம்" என்றார்.

வீடு இருக்கிறதா, கதவு இருக்கிறதா, எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்துவர வழியில்லை. இருந்தால், அந்த மேடையில் இப்போது நீங்களும் நானும்தான் நிற்கிறோம். பிள்ளைகள் போய்விட்டார்கள். பலகை இல்லை. நீங்கள் மெலிவாக, நான் உங்கள் ஸ்கேலுக்குச் சரியாகக் குண்டாக. ஒரு வருடமாக என்னைத் தனிய விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள் என்று உங்களை ஏசிக்கொண்டே இருந்தேன். இன்று கோயிலில் உங்கள் பெயரைச் சொன்ன பிறகுதான் யோசித்தேன், உங்களுக்குப் பக்கத்தில் என்னை விட்டுவிட்டல்லவா வந்திருக்கிறேன். அந்த ஒரு நினைப்பில்தான் இந்தக் கடிதம் எழுத முடிந்தது.

திரும்பி வருவேன். பலகையைப் பழைய கம்பத்தில் பூட்டுவேன். ரவியையும் சுமதியையும் அவர்கள் நின்ற இடத்தில் நிறுத்துவேன், சேட்டுக்கு மஞ்சள் பூசப் பரிமளமக்காவும் வருவார். சுமதி வரும்போது நானே அவளைக் கூட்டி வந்து காட்டுவேன். அதுவரைக்கும் அங்கேயே நில்லுங்கோ. பெயர் இல்லாத ஸ்ரேசனில் நிற்கிறோமே என்று யோசிக்காதீர்கள். அது எந்த ஊர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் வாசிக்காமலே தெரியும்.

சுமதியின் அம்மா,
நீங்கள் கூப்பிடும் "இஞ்சாரும்"